விளக்குக்குப் போன எண்ணெய்

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களா. காலை நீட்டிக்கொண்டாலும் குற்றமில்லை. இது கால் கடுத்துப்போன ஒருத்தியின் கதை.

கப்பலூரில் எண்ணெய் பரிசோதிக்கிற லேப் ஒன்றில் தமிழ்வாணிக்கு வேலை. வாசலில் பாமாயில் டேங்கர் நின்றது. அவள் சரியென்றால்தான் சமயநல்லூர் பிஸ்கட் கம்பெனி அதை இறக்கும். அதை அனுப்பிய எண்ணெய் ஆலைக்காரர் ராஜபாண்டி ரிப்போர்ட்டுக்காக நாற்காலியை விட்டு நகரவில்லை.

"மோந்து பாரு தங்கச்சி, வாசமே இல்ல. இம்புட்டுச் சுத்தத்துல என்னத்தத் தேடுற?"

"அந்த வாசத்த வெரட்டத்தானண்ணே அம்புட்டுச் சூடு ஏத்துறீக? கெடுதல் அந்தச் சூட்டுலதான் பொறக்குது. மூக்குக்குத் தெரியாது."

மெஷின் காட்டிய கெடுதலின் அளவு கம்பெனி சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த செக்கு நல்லெண்ணெயிலும் அதே கெடுதல்! சூடேற்றாமல் ஆட்டிய எண்ணெய், அதில் ஒன்றுமே தெரியக்கூடாது. கொஞ்சநஞ்சம் தெரிந்தால் லேப்பில் ஒட்டிய அழுக்கென்று கழித்துவிடுவது வழக்கம். கழித்தால் டேங்கர் தேறிவிடும். அவளும் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். விடிந்ததிலிருந்து நின்று கடுத்த காலும் கண்ணும் அதற்குத்தான் கெஞ்சின.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் வெளுத்திருந்தது. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும், களைப்பில் விட்டுவிட்டாள்.

"கனகா, இதுல கை வச்சியா?"

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த கனகா நிமிர்ந்தாள். "வெள்ளிக்கெழம பிள்ளையாருக்கு வெளக்குப் போட எடுத்தேங்க்கா. செக்கெண்ணெ, சாமிக்கு நல்லதுல்ல? கொறஞ்சா வைவீகளேன்னு பாக்கெட் எண்ணெய வாங்கி ஊத்தி வச்சிட்டேன்."

பாக்கெட் எண்ணெயும் ஆலைச் சூட்டில் வந்ததுதான்; கெடுதல் அதில் இருந்தது, லேப் அழுக்கு இல்லை. ராஜபாண்டி தொடையைத் தட்டிச் சிரித்தார். "பிள்ளையாரே நமக்கு வழி விட்டுட்டாரு! கழிச்சுப் போட்டு ரிப்போர்ட்டக் குடு தங்கச்சி."

தமிழ்வாணிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கோபப்படவும்தான். "பிஸ்கட்டத் திங்கப்போறது பிள்ளையார் இல்லண்ணே. நாளைக்கு வாங்க."

சீல் உடைக்காத செக்கெண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

மறுநாள் செக்கெண்ணெயில் ஒன்றும் தெரியவில்லை. பாமாயிலில் வரம்பைத் தாண்டித் தெரிந்தது. டேங்கர் வந்த வழியே ஆலைக்குத் திரும்பியது. 'வாரேன்' என்றுகூடச் சொல்லாமல் போனார் ராஜபாண்டி. தமிழ்வாணி நாற்காலியில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்தாள். கனகா விளக்குமாற்றைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஃபேனைக் கூட்டிவைத்தாள்.

உங்கள் வீட்டுச் சட்டியில் காய்கிற எண்ணெய் கள்ளமில்லாததாக இருக்கட்டும். உங்களுக்காக எங்கோ கண்விழிக்கிறவளுக்கும் நல்ல தூக்கம் வரட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகள் வயிறு குளிர்ந்து வாழட்டும், கண்ணுகளா.