மீன் விழுங்காத சாவி

கண்ணாடிக் கடையில் அவருக்குப் பெயர் சாவியார். இணையத்தில் சாகச விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது ‘பழைய சாவி’ என்று கையெழுத்துப் போடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள், அன்றிலிருந்து சாவியார்தான். பேருக்குக் கண் சோதித்து லென்ஸ் பொருத்துகிற வேலை. உண்மையான வேலை அபிப்பிராயம் சொல்வது. மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்குப் பெரிய வசதி.

“துப்பாக்கி இருக்கிற விளையாட்டுல மூளைக்கு லீவுங்க” என்பார். “சாகசம்னா கையில ஒரு கயிறு, ஒரு ஓட்டைக் குவளை. அதை வெச்சுக்கிட்டு கோட்டையைப் பிடிக்கணும். கடைசி வரி தெரியுதா?”

தெரியவில்லை என்றால் இன்னொரு லென்ஸ், இன்னொரு அபிப்பிராயம். கண்ணில் பட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளாதவன் நாயகனே அல்ல. மூன்று முடிவு வைத்த விளையாட்டு, முடிவெடுக்கத் தெரியாதவன் செய்தது. இடையில் மாட்டிக்கொண்டதும் விடைக்குறிப்பைத் தேடுகிறவனோ, அடுத்தவன் மென்று கொடுத்ததைத் தின்கிறவன். இப்படிக் கேட்டுக் கேட்டே, ஒன்றும் சரியாகத் தெரியாமலே “நல்லாத் தெரியுதுங்க” என்று சொல்லிவிட்டு ஓடியவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அழைப்பு வந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு சாகச விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்களாம். பழைய சாவியின் எழுத்துகளை விடாமல் படிக்கிறார்களாம். வெளியிடுவதற்கு முன்னால் அவர் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டுமாம்.

சாவியாருக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மறுபடி இஸ்திரி போட்டார்.

“விளையாடத்தானே போறீங்க? பட்டம் வாங்கப் போற மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் திரும்ப ஏற்றும்வரை வேன் சும்மாதான் நிற்கும். அதிலேயே கணவனைக் கொண்டுபோய் இறக்கினாள். எதிலும் ஏறி நின்று பேசுகிற மனுஷர் புது இடத்தில் என்ன செய்கிறார் என்று பார்க்கிற ஆசையில் கூடவே மாடியேறினாள்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. படியெல்லாம் ரப்பர் நாற்றம். உள்ளே மூன்று மேசைகள், தரை முழுக்கப் பாம்புக்குட்டி மாதிரி ஒயர்கள். படம் வரைகிறவர், நிரல் எழுதுகிறவர் என்று இரண்டு இளைஞர்கள். புதிர்களை அமைக்கிறவள் ஒரு பெண். அவள்தான் தலைவி போல. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“நாங்க பின்னாடி உக்காந்து பார்ப்போம் சார். எதுவும் சொல்லிக் கொடுக்க மாட்டோம். மனசுல தோணுறதையெல்லாம் நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டே ஆடுங்க.”

சொல்லவா வேண்டும்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

திரையில் ஒரு படகின் சமையலறை. மேசை, விரிப்பு, மெழுகுவத்தி, கரண்டி, துடைப்பம், தொட்டிக்குள் ஒரு குண்டு மீன். எதிரே ஒரு கதவு. நாயகன் நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

“பாருங்க, புதுசா ஆட வந்தவன் நேரா கதவுகிட்ட போவான். நான் போக மாட்டேன்” என்றார் சாவியார்.

பின்னால் பேனாக்கள் கீறின. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

முதலில் கரண்டியை எடுத்தார். அப்புறம் மெழுகுவத்தி, துடைப்பம், விரிப்பு. மேசையையும் எடுக்கப் பார்த்தார், வரவில்லை. “கனமா இருக்குன்னு காட்டுறாங்க. நல்ல நுணுக்கம்.” பிறகு மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது.

“இந்த மீன் சும்மா இருக்காது. வயிறு வீங்கியிருக்கு பார்த்தீங்களா? சாவி உள்ள இருக்கு.”

விரிப்பில் நூல் உருவப் பார்த்தார். கரண்டியைச் சூடாக்கி வளைத்துத் தூண்டில் ஆக்கப் பார்த்தார். துடைப்பக் குச்சியில் மெழுகை அப்பி மீனின் வாய்க்குள் விடப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் நாயகன் தலையை ஆட்டி, “அது நடக்காது” என்றான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல இவருக்கு நம்பிக்கை கூடியது. அரைமணி போய் முக்கால் மணி ஆயிற்று. நிரல் எழுதுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிரமிப்பு என்று சாவியார் நினைத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போக நேரமாகிவிட்டது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள்.

“ஏங்க, அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தீங்களா?”

சாவியார் பொறுமையாகச் சிரித்தார். “அட, இது சாகசம்மா. தள்ளினதும் தொறந்துக்கிட்டா அதுக்குப் பேர் வீடு. இப்போ பாரு...” என்று, அவளுக்குப் புரியவைப்பதற்காகக் கதவை ஒரு தட்டுத் தட்டினார்.

கதவு திறந்துகொண்டது.

நாயகன், இத்தனை நேரம் நின்ற கால் வலியோ என்னவோ, விறுவிறுவென்று வெளியே போனான். கீழே கடையில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது.

“அபாரம்!” என்றார் சாவியார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “அனுபவசாலியைக் கவிழ்க்க அருமையான பொறி.”

அந்தப் பெண் நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாதவள். “பொறி இல்ல சார்” என்றாள் மெதுவாக. “எப்படி நடக்கறதுன்னு கத்துக்கறதுக்கு வெச்ச அறை அது. விளையாட்டு இனிமேத்தான் ஆரம்பம்.”

மனைவி கிளம்பியதும் சாவியாரும் கூடவே இறங்கி வந்து வேனில் ஏறிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. முதல் சிக்னல்வரை தாக்குப்பிடித்தாள். அங்கே சிவப்பு விழுந்ததும் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கினாள். பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். அன்றைக்கு அவர் செய்ததையெல்லாம் பார்த்தபோது, தாங்கள் யோசித்ததைவிட அது வேடிக்கையாக இருந்ததாம். முதல் அறையையே மாற்றிவிட்டார்களாம். இப்போது கதவு பூட்டியிருக்கிறது; சாவி மீன் வயிற்றில்; நூல், கரண்டி, மெழுகு எல்லாம் வேலை செய்கின்றன.

சாவியார் போனார். கண்ணை மூடித் திறப்பதற்குள் சாவியை எடுத்துவிட்டார்.

“கொஞ்சம் சுலபமாப் போச்சே” என்றார். “யாரு யோசிச்சது?”

“நீங்கதான் சார்.”

“அதான் பார்த்தேன். தர்க்கம் எங்கயும் இடிக்கல.”

விளையாட்டு வெளிவந்தது. ஊர் உலகமெல்லாம் முதல் அறையிலேயே மாட்டிக்கொண்டு முழித்தது. மீனை இப்படி வதைக்க யோசித்த மகாபாவி எவன் என்று ஆயிரம் பேர் கேட்டார்கள். மனைவி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். ரசனை கெட்ட ஜனங்கள் என்றார் சாவியார். கடையில் கண் காட்ட வந்தவர்களிடமும் அதையே சொன்னார்.

அவர் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டாவது அறையில் அவர் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு ஏணி, ஒரு பூனை, மூன்று வாளிகள். வாளியைப் பூனைக்கு மாட்டிப் பார்த்தார், பூனையை ஏணிக்கு மாட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் மனைவி வேன் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் படகு விளையாட்டை முடிச்சுட்டேன். பசங்க வர்றவரைக்கும் போன்ல கொஞ்சம் கொஞ்சமா ஆடினேன். முடிவு நல்லாத்தான் இருக்கு.”

சாவியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தார். நாற்காலியை முன்னுக்கு இழுத்தார், பின்னுக்குத் தள்ளினார்.

“நான் எதையும் கேக்கல” என்றார். “இந்தப் பூனைகளைப் பத்தி உனக்குப் பொதுவா என்ன அபிப்பிராயம்?”

“பொதுவாவா?” என்று அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பொதுவா, பூனை தானா நடக்கும்ங்க. அதைக் கீழ விடுங்க முதல்ல.”