சோ குடிக்காத காபி

உம்முல் ஜௌஸ் பல்கலைக்கழகத்தில் கொரியத் திரைப்பட விழாவுக்கு டாக்டர் ஷிப்லியை ஒருங்கிணைப்பாளராகப் போட்டதற்கு ஒரே காரணம், அங்கே கொரிய மண்ணை மிதித்தவர் அவர் ஒருவர்தான் என்பது. உண்மையில் மண்ணைக்கூட மிதிக்கவில்லை. எங்கோ போகிற வழியில் சியோலில் விமானம் மாறினார். விமான நிலையத்துப் பளிங்குத் தரையை மிதித்தார். அங்கே குடித்த நூடுல்ஸ் சூப்பைப் பற்றி ஆசிரியர் அறையில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டார். அதன் பலன் இது.

நிஜமாகவே கொரிய மொழி தெரிந்தவள் அரீஜ் என்ற மூன்றாம் ஆண்டு மாணவி. எந்த வகுப்புக்கும் போகாமல், தொடர் நாடகங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டவள். பாத்திரம் கழுவும்போதுகூட அந்த மொழியில்தான் முணுமுணுப்பாளாம். பெண்ணைப் பேய் எதுவும் பிடித்துக்கொண்டதோ என்று அவள் அம்மா முதலில் பயந்துபோய், பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம்.

அரீஜும் தோழிகளும் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தார்கள்: படம் இலவசம், அம்மாக்களும் வரலாம். அம்மா வந்தால்தான் பெண் வர முடியும். அம்மா கிளம்பினால் அத்தை கிளம்புவாள், அத்தை கிளம்பினால் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அந்த வட்டாரத்தில் சினிமாக் கொட்டகையே கிடையாது. பெரிய திரையைப் பார்த்திராத பெண்கள்தான் அதிகம்.

அவ்வளவு பேருக்கும் சேர்த்து, பெரிய அரங்கம் கிடைக்கும் என்று ஷிப்லி வாக்குக் கொடுத்திருந்தார். அதே அரங்கத்தை அதே நாளில் பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் தௌகான், ஆலிவ் ஆலை முதலாளிகள் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். விழாவுக்கு ஒதுக்கியது விவசாயத் துறையின் கீழ்த்தளக் கூடம். நாற்பது நாற்காலி. மூலையில் ஓர் ஆட்டின் எலும்புக்கூடு.

"டாக்டர், நாப்பது நாற்காலி எங்க அத்தைங்களுக்கே பத்தாது" என்றாள் அரீஜ்.

"பாதிப் பேர் வர மாட்டாங்கம்மா. இலவசம்னா நம்ம ஜனங்களுக்கு இளக்காரம்."

"வருவாங்க. வந்து வாசலோட திரும்பினா, இனிமே எங்களை எதுக்குமே அனுப்ப மாட்டாங்க. 'உங்க யுனிவர்சிட்டி லட்சணத்தைத்தான் பாத்தோமே'ன்னு சொல்லிக் காட்டுவாங்க. நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

கொடுத்ததுதான். ஷிப்லி தலைவரைப் போய்ப் பார்க்கவும் செய்தார். முதல் தடவை தலைவர் ஷிப்லியுடைய அப்பாவின் முழங்கால் வலியை விசாரித்து, ஒரு மருந்தும் சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை பேரீச்சம்பழம் அடைத்த பிஸ்கட்டை வாயில் திணித்தார். வாய் நிறைய பிஸ்கட்டை வைத்துக்கொண்டு யாரும் அரங்கம் கேட்க முடியாது. மென்று முடிப்பதற்குள் ஷிப்லி கதவுக்கு வெளியே நின்றிருந்தார். சண்டை போடத் தெரியாதவர் என்று அவர் மனைவி சொல்வாள். மரியாதை தெரிந்தவர் என்று அவர் சொல்லிக்கொள்வார்.

விழாவுக்கு முதல் நாள், கொரியத் தூதரகத்திலிருந்து திரு சோவை ஷிப்லிதான் போய் அழைத்துவந்தார். தலைநகர் அம்மானிலிருந்து வருகிற வழியெல்லாம் சைகையும் உடைந்த ஆங்கிலமுமாக அவர் ஷிப்லிக்குப் புரிய வைத்த ஒரே செய்தி, காபி குடித்தால் தனக்குத் தூக்கம் வராது என்பது. ஷிப்லி அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது மறந்துவிட்டார்.

தலைவர் ருமேனியாவில் படித்தவர். அவர் ஆங்கிலமும் சோவின் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. அதை ஒப்புக்கொள்ளாமல், "விருந்தாளிகிட்ட அவர் பாஷையிலதான் பேசணும், அதுதான் மரியாதை" என்று அரீஜை வரவழைத்து நடுவில் உட்கார வைத்தார். எதிரே ஆலிவ் ஆலைச் சங்கத் தலைவர் ஹாஜி மத்ஹர், தலைத்துணியைச் சரிசெய்தபடி இருந்தார். மறுநாள் கூட்டத்துக்கு அரங்கத்தைப் பார்க்க வந்தவர், காபி வாசனைக்கு உள்ளே வந்துவிட்டார்.

ஏலக்காய் மணக்கும் காபியை, தலைவர் அறைப் பணியாள் அபூ சனத் சின்னக் கோப்பையில் ஊற்றி முதலில் சோவிடம் நீட்டினார். சோ இரண்டு கையாலும் வாங்கினார், முகர்ந்தார், புன்னகைத்தார். பிறகு மெதுவாகக் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கட்டிக்கொண்டார்.

அபூ சனத் ஊற்றுவதை நிறுத்தினார். ஹாஜி மத்ஹர் தன் கோப்பையை உதட்டிலிருந்து எடுத்தார். அந்தப் பக்கத்தில் பெண் கேட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் சமாதானம் பேசப் போகிறவர்களும் அப்படித்தான் வைப்பார்கள். வீட்டுக்காரர் வந்த காரியத்தை முடித்துத் தருவதாகச் சொல்கிற வரைக்கும் அந்தக் கோப்பையை யாரும் தொட மாட்டார்கள். கேட்டதைக் கொடுக்காமல், காபி ஆறிப்போய் விருந்தாளி எழுந்து போனால், அந்த வீட்டுப் பேர் மூன்று தலைமுறைக்குக் கெட்டுவிடும்.

டாக்டர் தௌகானின் முதுகு நிமிர்ந்தது. ருமேனியாவும் முனைவர் பட்டமும் எங்கோ போய்விட்டன. நாற்காலியில் இப்போது அவருடைய தாத்தா உட்கார்ந்திருந்தார்.

"குடிங்க" என்றார். "நீங்க வந்த காரியம் ஆச்சுன்னு வெச்சுக்குங்க."

வந்த காரியம் என்று எதுவும் இல்லை என்பது ஷிப்லிக்குத் தெரியும். 'ஐயா, அவருக்குக் காபி ஒத்துக்காது' என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அரீஜைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பேசாமல் இருப்பது அவருக்குக் கோழைத்தனமாகத் தோன்றவில்லை.

அரீஜ் கொரிய மொழியில் நிறையப் பேசினாள். சோவின் புருவம் உயர்ந்தது. கோப்பையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் யோசித்து, எழுந்து நின்று, இடுப்பு மடியக் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"நாளைக்குப் படம் பாக்க வர்ற அம்மாக்கள் ஒருத்தர்கூட நிக்கக் கூடாதாம்" என்றாள் அரீஜ். "எல்லாரும் பெரிய அரங்கத்துல உக்காந்து பாக்கணுமாம். அதைத்தான் உங்ககிட்ட கேக்கறார்."

தலைவர் ஹாஜியைப் பார்த்தார். ஹாஜி மத்ஹர் பெருமூச்சு விட்டு, மகன் பேரை வைத்துத் தலைவரை உரிமையோடு அழைத்தார்.

"என்னை ஏன் பாக்கற அபூ ஹாயில்? மனுஷன் கடல் தாண்டி வந்து கோப்பையைக் கீழ வெச்சிருக்கார். நாங்க ஆலிவ் எண்ணெயைப் பத்திப் பேசறவங்க, எங்க உக்காந்தா என்ன."

"கீழ்த்தளத்துல ஒரு ஆட்டு எலும்புக்கூடு இருக்கு, ஹாஜி" என்றார் ஷிப்லி. வாயை மூடிக்கொண்டிருந்த நிமிடம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

"இருக்கட்டும். எங்க சங்கத்துப் பொருளாளரைவிட அது அமைதியா இருக்கும்."

சோ ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அபூ சனத் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவரும் குடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் ஷிப்லி கேட்டார். "உண்மையைச் சொல்லு. அவர்கிட்ட என்ன சொன்னே?"

"நடந்ததைத்தான் டாக்டர். நீங்க கோப்பையைக் கீழ வெச்சதால ஏதோ கேக்க வந்திருக்கீங்கன்னு நெனைக்கறாங்க, என்ன வேணும்னு கேட்டேன். என்ன கேக்கறதுன்னு என்னையே திருப்பிக் கேட்டார். சொன்னேன்."

"அந்தப் புண்ணியவான் ராத்திரி தூங்க மாட்டார்."

"நானும்தான்" என்றாள்.

மறுநாள் மதியத்துக்கெல்லாம் மினி பஸ்கள் வரத் தொடங்கின. பூ வேலை செய்த கறுப்பு அங்கிகள், தேநீர்க் குடுவைகள், பை பையாகச் சூரியகாந்தி விதை. உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி முதல் பாட்டியிடம் சொன்னார். 'உன் அம்மாவை எனக்குத் தெரியும்' என்று அவள் சொன்ன பிறகு வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆலிவ்காரர்கள் கூட்டத்தை அவசரமாக முடித்துவிட்டு, அரங்கத்தை விட்டுக்கொடுத்த உரிமையோடு வந்து கடைசி வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் தன் மனைவியோடு முதல் வரிசையில் இருந்தார். எல்லாருக்கும் நாற்காலி இருந்தது, ஷிப்லியைத் தவிர. அவர் பக்கவாட்டுப் படிகளில் நின்றுகொண்டார்.

படம் தொடங்கியது. துறைமுக ஊர் ஒன்றில் மீன் விற்கும் ஒரு விதவை, பட்டணத்தில் வேலை பார்க்கும் அவள் பெண். திரைக்குக் கீழே அரபு எழுத்துக்கள் ஓடின. கூடவே அரங்கம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் சோ கவலையோடு அரீஜ் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்பது தெரிந்தது. அவள் சொன்ன பதிலைக் கேட்டதும் அவர் திரையை விட்டுவிட்டு, திரும்பி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கும், அத்தனை வேகமாகப் படிக்க முடியாத அம்மாக்களுக்கும் பெண்கள் ஒவ்வொரு வரியாகக் காதில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ ஷிப்லியின் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள். ஓரத்து நாற்காலியில் ஒரு வயதான பெண்மணி.

"தம்பி, படிச்சவன் மாதிரி இருக்க. எம் பொண்ணு சிநேகிதிங்களோட முன்னாடி போய் உக்காந்துட்டா. அந்த மீன்காரி என்ன சொல்றா?"

அவர் படியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். வாத்தியார் பழக்கத்தில் கொரியக் குடும்ப அமைப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்தார்.

"அதெல்லாம் வேணாம். எழுதியிருக்கறதைப் படி."

எழுதியிருந்ததைப் படித்தார். மகள் தொலைபேசியில் அழைத்தாள். சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டாள். ஷிப்லி படிப்பதை நிறுத்தி, கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்ட?"

"சாப்பிட்டேன்னு... வயிறு நிறையச் சாப்பிட்டேன்னு சொல்றாங்க."

"பொய்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுப்பைப் பாரு, பத்தவே வைக்கல." கைநிறையச் சூரியகாந்தி விதையை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். "அழுதுட்டு இருந்தா எப்படி? வரி ஓடிடுச்சு பாரு. படி."