ஞானத்தகப்பனின் கைகள்

குருநகர் கிறகோரிக்கு ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு கைகளும் அரித்துக் கடிக்கத் தொடங்கின. விரல் இடுக்குகளில் சிறு கொப்புளங்கள் வந்து உடைந்தன. பிறகு தோல் தடித்து வெடித்தது. வலையில் நண்டு கழற்றுகிறவனுக்குக் கை எரிவது புதினமில்லை என்று சில மாதம் சும்மா இருந்தார்.

பிறகு தானே வைத்தியம் பார்த்தார். கையில் பட்ட எஞ்சின் ஒயிலை மண்ணெண்ணெயால் கழுவினார். மண்ணெண்ணெயைச் சலவைத் தூளால் கழுவினார். கடைசியில் கிருமிகொல்லி விட்ட சுடுதண்ணீரில் கையைத் தோய்த்தார். மனைவி வசந்தினி வேப்பெண்ணெய் பூசிவிட்டாள். கை இன்னும் மோசமானது. சூடு போதவில்லை என்று இருவரும் முடிவெடுத்து, அதைக் கூட்டினார்கள்.

அவருடன் ஒன்பது வருடமாக ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன் சிமியோன். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவனுக்கும் மனைவி அற்புதராணிக்கும் ஒரு பெண் பிள்ளை பிறந்திருந்தது. கிறகோரிதான் ஞானத்தகப்பன் என்று பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேசி வைத்திருந்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒன்றரை மாதம், ஆறு கிழமை இருக்கும்போது சிமியோன் வீட்டுக்கு வந்தான். கதிரையில் இருக்கவில்லை.

“அண்ணை, குறை நினைக்கக் கூடாது. கோயிலிலை பிள்ளையை நீங்கள்தானே தூக்கவேணும். உந்தக் கையோடை...”

“அற்புதராணி சொன்னவளோ?”

“ஓம். எனக்கும் பயம்தான்.”

“சரி, வேறை ஆளைப் பார்,” என்றார் கிறகோரி.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. குழம்பு பட்டால் கை எரியும் என்று வசந்தினியிடம் காரணம் சொன்னார். அவள் நம்பவில்லை. அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டொக்டர் தக்சாயினி வயதில் சிறியவர். கையை எதனால் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். கிறகோரி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனார். டொக்டர் இடையில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“ஐயா, உப்பிடிக் கழுவினா எனக்கும் எக்சிமா வரும்.”

“இது தொத்துமோ, டொக்டர்?”

“தொத்தாது.”

சொல்லிக்கொண்டே, கையுறை போடாமல், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியாள் ஒருவர் அந்தக் கைகளைத் தொட்டுப் பல மாதமாகியிருந்தது. கிறகோரி சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணெண்ணெயும் சலவைத் தூளும் கூடாது. கழுவினதும் ஈரம் காய முன்னம் வாசலின். எழுதித் தந்த களிம்பு இரண்டு கிழமைக்கு மட்டும், மெல்லிசாக. கடலில் பருத்திக் கையுறைக்கு மேல் இறப்பர் கையுறை.

“முற்றாய் மாறுமோ?”

“அடங்கும். திரும்பியும் வரலாம். வந்தால் என்னட்டை வாங்கோ, வேப்பெண்ணெயிட்டைப் போகாதேங்கோ.”

வசந்தினி கூரையைப் பார்த்தாள்.

ஒரு கிழமையில் கடி குறைந்தது. நாலாம் கிழமை வெடிப்புகள் மூடின. கிறகோரி இதைப் பற்றிச் சிமியோனிடம் ஒன்றும் கதைக்கவில்லை. வசந்தினிதான் அற்புதராணியிடம் போய், டொக்டர் வெறுங்கையால் தொட்டதை மூன்று தரம் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் படகில் சிமியோன் வலையைப் பார்த்தபடியே சொன்னான்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு.”

“வெள்ளைச் சேட்டோ போடுறது?”

“ஓம்.”

கோயிலில் அற்புதராணி பிள்ளையை அவரிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டுக் காலையும் கையையும் உதறினாள். சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கை மடிப்பில் சிவந்து, சொரசொரவென்று ஒரு திட்டு. மற்றக் கையிலும் இருந்தது.

கிறகோரி அற்புதராணியைப் பார்த்தார்.

“மூண்டு கிழமையா இருக்குது, அண்ணை. நீங்கள் தொட முன்னமே வந்தது,” என்றாள் அவள். அவளுக்கு முகம் வேர்த்திருந்தது. “காட்ட வெக்கமாக் கிடந்தது.”

“என்ன பூசினனி, தங்கச்சி?”

“ஆரோ சொல்லி, மஞ்சளும் தேசிக்காய் பிழிஞ்ச புளியும்.”

“ஐயோ! நிப்பாட்டு. புதன்கிழமை கிளினிக். ஏழு மணிக்கு முன்னம் போனால்தான் நம்பர் எடுக்கலாம்.”

சுவாமியார் புத்தகத்தை விரித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் புதன்கிழமை இரண்டு பேரும் கடலுக்குப் போகவில்லை. கிளினிக்கின் நீள மரவாங்கில் சிமியோனும் அற்புதராணியும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, பிள்ளை கிறகோரியின் மடியில் நித்திரையாகக் கிடந்தாள்.