பதினைந்தாவது பெட்டி

1

வாசகரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. என் மனைவிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பதினோரு வருடமாகப் பேருந்தில் ஒரு கீறல் கிடையாது. இப்போது முதுகுவலி. இருக்கையில் ஏறவே இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்று காலை சாவியை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, நீங்கதான எழுத்தாளர். ரெண்டு வரி மரியாதையா எழுதி வைங்க. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடறேன். பிரேக் அடிக்கிற நேரத்துல முதுகு பிடிச்சிக்கிச்சுன்னா என்ன பண்றது? பின்னாடி நாப்பது பிள்ளைங்க."

எழுதினேன்.

'ஐயா, என் முதுகுவலியின் காரணமாக—'

காரணமாம் காரணம்! பேனாவை வைத்துவிட்டேன்.

2

சரி, கதையாகவே சொல்லிப் பார்ப்போம். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். மெத்தைக் கடைக்காரரைப் போட்டேன்.

'நயவஞ்சகச் சிரிப்போடு அவர் அந்த மட்டமான மெத்தையை—'

அடித்துவிட்டேன். பாவம் அந்த மனிதர். இரண்டு வருடத்தில் இரண்டு மெத்தை மாற்றிக் கொடுத்தவர். இரண்டாவது முறை வீட்டுக்கே வந்து அழுத்திப் பார்த்தார்.

"மெத்தைல குத்தம் இல்லம்மா. கீழ தாங்கறது சரியா இருக்கணும். கட்டில் நடுவுல இறங்குது பாருங்க."

என் மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இது இவரே பக்கத்துல நின்னு செய்யவெச்ச கட்டில். அத மட்டும் சொல்லாதீங்க."

நான் கதவருகே நின்று ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.*

* ஃபேன் ஓடவில்லை.

3

அடுத்து தச்சர். அவரைக் குடிகாரராக்கிவிடலாம் என்று அரைப்பக்கம் எழுதினேன். சீ, என்ன பிழைப்பு இது!

நடந்தது இதுதான். ஆறடி அகலக் கட்டில். மெத்தையைத் தாங்கக் குறுக்குப் பலகைகள், பலகைகளைத் தாங்க நீளவாக்கில் ஒரு நடுச்சட்டம், சட்டத்தைத் தாங்க நட்டநடுவில் ஒரு கால். அந்தக் காலை மட்டும் வேண்டாம் என்றேன்.

"சார், நாலு கால் நாலு மூலைல நிக்கும். நடுவுல யாரு நிப்பா? ரெண்டு பேர் படுக்கிற கட்டில் சார்."

"நான் சொல்றதச் செய்ங்க."

"எப்பேர்ப்பட்ட மெத்தை போட்டாலும் பள்ளம் விழும். அப்புறம் என் தலையத்தான் உருட்டுவீங்க."

உருட்டினேனா இல்லையா? மேலே பாருங்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்து முடித்தார். ஏற்கெனவே இழைத்து வைத்திருந்த அந்த நடுக்காலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கையில் திணித்தார். "வேணும்னு தோணும். வச்சிருங்க."

4

(இந்தப் பகுதியைத் தாண்டி மூன்று முறை ஐந்துக்குப் போய்விட்டேன். ஐந்து நகர மாட்டேன் என்கிறது.)

என் நாவல் இருக்கிறதே, அது விற்கவில்லை. பதிப்பாளர் பதினைந்து பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். செய்யப்போகும் கட்டிலுக்கடியில் அவற்றைத் தள்ளிவிடலாம் என்று டேப் வைத்து அளந்தேன். நடுக்கால் இருந்தால் பதினான்குதான் நுழையும். மிச்சமுள்ள ஒரே ஒரு பெட்டி கூடத்தில் கிடக்க, வருகிறவர் போகிறவரெல்லாம் "இது என்ன?" என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது. போதுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம். நான் கட்டிலுக்கடியில் மறைத்தேன்.

5

மனைவி பாத்திரம் நம்பும்படி இல்லை என்பீர்கள். போன மாதம் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வலியே இல்லாமல் திரும்பினாள். "அங்க ஸ்டியரிங் பிடிக்கல, அதான்" என்று தானே விளக்கமும் சொன்னாள். நான் "இருக்கும்" என்றேன். படுபாவி.

இப்படியும் ஓர் ஏமாளி உண்டா? இல்லை ஐயா, அவள் ஏமாளி இல்லை. தினமும் கிளம்பும் முன் எல்லா டயரையும் உதைத்துப் பார்ப்பவள், நான் செய்யச் சொன்ன கட்டில் என்பதால் ஒருநாளும் குனிந்து அடியில் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் அவளால் குனிய முடியாது.

6

முடிவுகள்.

அ) அவள் வருவதற்குள் நானே காலைப் பொருத்திவிடுகிறேன். வலி போய்விடுகிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. சுபம்!

மதியம் இதைச் செய்தும் பார்த்தேன். சட்டம் வளைந்து நடுப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. என் சொந்த நாவல் அசைய மறுக்கிறது. கட்டிலைத் தூக்கிப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும்.

ஆ) தச்சருக்கு போன் செய்தேன்.

"வரேன் சார். யாருக்கு முதுகு போச்சு?"

"வீட்டுல."

"நடுக்கால் கதைய அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

இ) 'அவள் சிரித்து, மன்னித்து—'

அடித்துவிட்டேன். அதை எழுத நான் யார்?

7

வாசகரே வாசகரே என்று இதுவரை யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போதும். இதைப் படிக்கப்போவது நீதான். மணி நாலே முக்கால். பேருந்தை நிறுத்திவிட்டு வந்து கடிதத்தைக் கேட்பாய். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். கடிதத்துக்குப் பதில் இந்தக் காகிதங்களைத்தான் கொடுக்கப்போகிறேன். அந்த நடுக்காலைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

திட்டு. அக்கா வீட்டுக்குப் போவதானால் போ, அங்கே நல்ல கட்டில் இருக்கிறது. வேலையை மட்டும் விட்டுவிடாதே. கெட்டது உன் உடம்பு என்று இரண்டு வருடம் உன்னை நினைக்கவிட்டேன். பயமாக இருக்கிறது.

முடிவை நான் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,