பொத்தானில் சந்தனம்

கருணாகரனுக்கு நீச்சல் தெரியாது. குளத்தில் கால் நனைக்கவே யோசிக்கிற மனுஷன். ஆனால் ரேடியோ என்று வந்துவிட்டால் அவருக்குப் பயமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அப்படித்தான் விஜயதசமிக் காலையில், மனைவி சாரதாம்பாள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அப்பாசாமியின் பாய்ப்படகில் ஏறிப் போய்விட்டார்.

அப்பாசாமி, மலாக்காவில் காஜா பெராங் பக்கத்துச் செட்டி வீட்டுக்காரர். சாமி நம் சாமி, பேச்சு மலாய். மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த பிறகு ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை, படகை அவரிடம் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனார். கூடவே இரண்டு வி.எச்.எஃப். ரேடியோ செட்டும் வந்தன. ஒன்று படகின் உள்ளறையில், மற்றது துரையின் பங்களாவில் இருந்தது. பங்களா செட்டு இப்போது கருணாகரனின் ரேடியோ கடையில், பரிசோதனை பார்க்க வாகாக உட்கார்ந்திருந்தது. படகு செட்டிலிருந்து நீளமான ஒயர் ஒன்று மேல்தட்டுக்கு ஏறி, சுக்கான் பக்கத்தில் ஒரு கைமைக்கில் முடியும். சுக்கான் பிடிப்பவர் கீழே இறங்காமலே பேசலாம். அந்த மைக்தான் ஊமையாகிக் கடைக்கு வந்திருந்தது.

முந்தின நாள் கருணாகரன் உள்ளே அறுந்துகிடந்த கம்பியைப் பற்றவைத்து மூடியபோது ஆயுதபூஜை நேரம் வந்துவிட்டது. பற்றவைக்கும் கோல், மீட்டர், திருப்புளி எல்லாம் சாமி முன்னால் போயின. மைக்கும் போனது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. ஆகவே பழுது பார்த்த மைக்கைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. சாரதாம்பாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தாள். மைக்குக்கு எங்கே வைப்பது? நெற்றி மாதிரி தெரிந்த இடத்தில், பேசும்போது அமுக்குகிற பொத்தான் மேலேயே, பன்னீரில் குழைத்ததைத் தாராளமாக அப்பிக் குங்குமமும் வைத்தாள்.

காலையில் அவர் துடைக்கத் துணியை எடுத்தபோது தடுத்ததும் அவள்தான்.

"சாமிக்கு வச்சதைத் தொடைக்காதீங்க. நல்ல நாளு."

"சரி தாயே," என்று சிரித்தார் அவர். "நான் படகுல மாட்டிட்டுக் கூப்பிடுறேன். நீ பதில் சொல்லணும். ஞாபகம் இருக்குல்ல? அமுக்கினா வாய், விட்டா காது."

"ரெண்டும் சேந்து இருக்காதா?"

"ஒன்னை மாதிரியா? பேசுறப்ப இதுக்குக் காது கேக்காது," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

வெயில் ஏறிய பிறகு கடை செட்டு கரகரத்தது. "சாரதா, கேக்குதா?"

அவளுக்கு வாயெல்லாம் பல். பொத்தானை அமுக்கி, "கேக்குதுங்க, கேக்குது," என்றாள். விட்டாள்.

"சாரதா? என்னா லா, சத்தமே காணோம்," என்றது அவர் குரல்.

அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஆனால் செட்டு நிறுத்தவில்லை. படகின் வயிற்றில் தண்ணீர் அடிப்பது கேட்டது. கயிறு முனகியது. அப்பாசாமி தொண்டையைக் கனைத்தது கேட்டது. பேசாத நேரத்தில் இதெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? சாரதாம்பாள் ரேடியோக்காரன் பெண்டாட்டி. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அமுங்கிய பொத்தான் மேலே எழும்பவில்லை. அது அமுங்கியே இருக்கிற வரைக்கும் படகு வாயாகத்தான் இருக்கும், காதாக மாறாது. பொத்தானின் இடுக்கில் என்ன இறங்கிக் காய்ந்திருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முகம் சுட்டது.

போகட்டும், வந்ததும் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தெங்கேரா பக்கம், கடலுக்கு மேலே, வானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுத்திருந்தது. சுருட்டிய பாயைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல அது உருண்டு வந்தது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. மலாக்காவில் பிறந்த யாருக்கும் அதன் பெயர் தெரியும். சுமத்ரா. வந்தால் கூரைத் தகரத்தையே பிய்த்துக்கொண்டு போகும் காற்று.

ஓடிவந்து மைக்கை எடுத்தாள். "ஏங்க, சுமத்ரா வருது! பாயை எறக்கச் சொல்லுங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். எதிரே ஒரு செவிட்டுப் படகு. துறைமுகத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றால் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் இருந்தார்கள்.

"ஸ்பீக்கர்ல கோளாறா இருக்கும்," என்றது கணவரின் குரல், எட்டத்திலிருந்து. உள்ளறைக்கு இறங்கிவிட்டார். செட்டைக் கழற்றிப் பார்க்கப் போகிறார். கோளாறு மேல்தட்டில் இருக்க, அவர் கீழே தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே வானம் தெரியாது. அட கடவுளே, ஒயரைப் பிடுங்கினாலாவது போதுமே, ஒரு நொடி காது திறக்குமே என்று அவள் துடித்தாள்.

"எஞ்சே, மேல எப்படி?" என்று கேட்டார் அவர். எஞ்சே என்றால் மலாயில் ஐயா.

"ஹூஜான் சிக்கிட் சஜா," என்றார் அப்பாசாமி அலட்சியமாக. கொஞ்சம் மழைதானாம். படகு வாங்கி இரண்டு தடவைகூட ஒழுங்காகக் கடலுக்குப் போகாத ஆள். துரை விட்டுப்போன தொப்பி மட்டும் தலையில் இருக்கும். "பாயை எறக்கு, மடையா!" என்று சாரதாம்பாள் அழுதாள். வயதில் மூத்தவரைத் திட்டுகிறோமே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

திருப்புளி எதிலோ உரசும் சத்தம். "செட்டு நல்லாத்தான் இருக்கு... அப்ப மைக்கா?" தனக்குத்தானே பேசிக்கொண்டே படியேறி வந்தார். குரல் கிட்டத்தில் வந்தது. பிறகு சட்டென்று ஒரு சிரிப்பு. "அடிப் பாவி, சந்தனம்!"

"அப்பா ரோசாக்?" என்ன கெட்டுப்போச்சு என்று அப்பாசாமி கேட்டார்.

"ஆயேர் லாவுட் லா, எஞ்சே. உள்ள கடல் தண்ணி பூந்துருச்சு," என்றார் கருணாகரன்.

அவள் செய்த தவற்றை இன்னொருவர் முன்னால் சொல்லிக்கொடுக்க மனசில்லை அந்த மனுஷனுக்கு. பெண்டாட்டிக்காகப் பொய் சொல்லிக்கொண்டு, அதையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல், பொத்தானைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் தொடங்கியிருந்தது. தூரத்தில் லாரி ஓடுவதுபோல ஒரு இரைச்சல்.

டக்கென்று ஒரு ஓசை. செட்டு அடங்கியது. பொத்தான் எழும்பிவிட்டது.

"ஏங்க! சுமத்ரா வருது, பாயை எறக்குங்க, இப்பவே எறக்குங்க!"

விரலை எடுத்தாள்.

"கேக்குது சாரதா!" என்றார் அவர். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். "ஒரு இரைச்சல் இல்ல, பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. எஞ்சே, நான் சொன்னேன்ல? இன்னொருக்கா சொல்லு, என்னா சொன்ன?"

பாழாய்ப்போன ரேடியோக்காரர். குரல் எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டார், குரல் சொன்னதைக் கேட்கவில்லை.

"சுமத்ரா! பாயை எறக்குங்க!"

இந்த முறை பதில் வரச் சற்று நேரமானது. பொத்தான் அமுங்கியது. இரைச்சல் கடையை நிறைத்தது. "எஞ்சே, பின்னால பாருங்க!" என்று அவர் அப்பாசாமியிடம் கத்தினார். துணி கிழிகிற சத்தம், மரம் முறிகிற சத்தம், அப்பாசாமி அலறும் சத்தம். "சாரதா, நீ பயப்படா..."

டக்.

பிறகு செட்டில் வெறும் சீறல்தான். சற்று நேரத்தில் காஜா பெராங்கின் தகரக்கூரைகள் தடதடத்தன. கடை வாசல் வழியே மழை உள்ளே அடித்தது. அவள் எழுந்து கதவைச் சாத்தவில்லை. அமுக்கினாள், கூப்பிட்டாள், விட்டாள், கேட்டாள். பொத்தான் விடுபட வேண்டும் என்று அழுதவள், அது திரும்ப ஒட்டிக்கொள்ளாதா, ஒரு அலறலாவது கேட்காதா என்று எல்லாச் சாமியையும் கெஞ்சினாள்.

மைக்கில் இனி ஒரு பழுதும் இல்லை. அதை அமுக்க அங்கே ஒரு கைதான் வேண்டும்.

"நான் இங்கதான் இருக்கேன். பேசுங்க," என்றாள் சாரதாம்பாள். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.