திரையின் இடது ஓரம்

கணினியின் பாட்டு மென்பொருளில் சேர்த்த மூன்றாவது பிளக்-இன்னும் அதையே காட்டியதும் பாரதிப்ரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பாட்டில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் இவற்றின் வேலை. முதலாவது இலவசம், பஞ்சத்தில் அடிபட்டதுபோல ஒற்றைக் கோடு. இரண்டாவது கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி வண்ண வண்ணமாக மின்னியது. மூன்றாவது பேர்பெற்றது, சோதித்துப் பார்க்க மட்டும் ஓசி. மூன்றும் சொல்லிவைத்தாற்போலத் திரையின் இடது ஓரத்தில், அடிச்சத்தம் வரும் இடத்தில், ஒரு மேட்டை எழுப்பி எழுப்பி இறக்கின. அங்கே அவள் எதையுமே சேர்க்கவில்லை.

மறுநாள் காலை காரைக்கால்மேட்டில் அம்மன் கோயில் கொடியேற்றம். பாட்டு அவளுடையது, குரல் அண்ணி எழில்மதியுடையது. போன வருஷமும் இருவரும் சேர்ந்து ஒன்று செய்தார்கள். ஹெட்போனில் தேனாக இருந்தது, கோயில் குழாய் ஸ்பீக்கரில் அண்ணியின் குரல் முங்கி முங்கி எழுந்தது. விழாக் கமிட்டி அன்பழகன் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி மீன் கழுவும்போதுகூட முணுமுணுப்பதில்லை. இந்தத் தடவை அவளைப் பாட வைப்பதற்குள் ப்ரியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதுவும் சொதப்பினால் அண்ணி இனி வாயே திறக்க மாட்டாள்.

தவிலை நிறுத்திப் பார்த்தாள். மேடு இருந்தது. நாதஸ்வரத்தை நிறுத்தினாள், அப்போதும் இருந்தது. அண்ணியின் குரலை மட்டும் ஓடவிட்டாள். அண்ணி மூச்சு வாங்கும் இடைவெளியிலும் அந்தச் சனியன் மெல்ல எழுந்து, நின்று, சரிந்தது. எரிச்சலில் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஓர் அலை எழுந்து, நின்று, சரிந்தது.

"அடக் கடவுளே!" என்று கத்திவிட்டாள்.

அடுப்படியிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு?"

"கடலு அண்ணி! நீங்க பாடுனப்ப கடலும் சேந்து பாடியிருக்கு!"

"கடலா? அது எங்க கேக்குது?"

கேட்கத்தான் கேட்காது. பிறந்ததிலிருந்து காதில் விழும் இரைச்சலை இந்த ஊரில் யார் சத்தமென்று கணக்கில் எடுத்தார்கள்? குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த ப்ரியா போட்டிருந்த வேறொரு பிளக்-இன்னுக்கு மட்டும் அது கேட்டிருக்கிறது. ஒவ்வோர் அலைக்கும் அது அண்ணியின் குரலைப் பிடித்து அழுத்தியிருக்கிறது. ஹெட்போனில் அந்த அடிச்சத்தமே பள்ளத்தை நிரப்பிவிட்டது, அடிச்சத்தம் வராத குழாய் ஸ்பீக்கரில் பள்ளம் மட்டும் மிஞ்சியது. போன வருஷத்திலிருந்து ப்ரியா தன் காதைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பஞ்சத்தில் அடிபட்ட முதல் பிளக்-இன்னையே வைத்துக்கொண்டாள். மற்றவை கண்ணைப் பறித்தன. இது இடது ஓரத்தை அகலமாக விரித்து ஆற அமரக் காட்டியது. அதைப் பார்த்துப் பார்த்துக் குரலுக்குக் கீழே இருந்ததையெல்லாம் வெட்டினாள்.

காலையில் கொடி ஏறியதும் பாட்டு கிளம்பியது. ப்ரியா மைக்செட் பக்கத்திலேயே நின்றாள். அண்ணி மீன் ஏலக் கொட்டகையில் கூடையோடு நின்றாள், கோயில் பக்கம் வர மறுத்துவிட்டாள். முதல் வரி வந்தது. முங்கவில்லை. இரண்டாவது வரியில் குரல் குழாயை விட்டுத் தெறித்துப் படகுகள்வரை போயிற்று. ஏலம் கூவியவர் விலையைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அன்பழகன் மைக்செட்காரரிடம் கையை ஆட்டினார். "நிறுத்தாதப்பா! முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து போடு!"

ஜெயித்துவிட்டோம் என்று ப்ரியாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அண்ணியைத் தேடி ஓடினாள். கொட்டகையில் இருந்த பெண்களெல்லாம் எழில்மதியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். முந்தானைக்குள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.