காப்பிக் கோப்பைக்காரி

மூன்றாவது கயிறு அறுபடமாட்டேன் என்றது. சோமராஜன் ஸ்டூலின் மேல் குதிகாலை உயர்த்தி நின்று, மீன் நறுக்குகிற கத்தியால் அதைப் பரபரவென்று தேய்த்தார். எழுபது வயசு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், சட்டை இல்லை. மனைவியின் உடலை வீட்டு ஹாலில் கிடத்திவிட்டு நேராகக் குண்டறை முக்குக்கு வந்திருந்தார்.

"சோமண்ணா, எறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா?" கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அனிருத்தன் கெஞ்சினான். வாசகசாலைச் செயலாளர். இந்த போர்டை வைக்கச் சொன்னதே அவன்தான்.

"வாயைத் திறக்காதே. ஸ்டூலை மட்டும் பிடி."

எட்டடி போர்டு. அதில் பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரி, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே பட்டை எழுத்தில், 'கதாசிரியை சுதர்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி'. துஷ்டிக்கு வந்து பஸ்ஸில் இறங்கியவர்கள் போர்டைப் பார்ப்பதும், கத்தியோடு நிற்கும் புருஷனைப் பார்ப்பதுமாகத் திகைத்து நின்றார்கள்.

"அவங்க வெப்சைட்லேருந்துதான் எடுத்தது அண்ணா. அவங்க பேருக்கு மேல இந்தப் படந்தானே இருக்கு? அச்சடிக்கறவனுக்கு லிங்க்கை அனுப்பிட்டு நான் பந்தல் வேலைக்குப் போயிட்டேன்."

"வாரம் ரெண்டு தடவை உன் கண்ணு முன்னாடி வந்து புஸ்தகம் மாத்துவாளே. கட்டினப்புறமாவது நிமிர்ந்து பாத்தியா?"

"பாத்தேன். சின்ன வயசுல எடுத்ததோன்னு..."

"சின்ன வயசுல என்ன, வெள்ளைக்காரியாவா இருந்தா?"

டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். கயிறு அறுந்தது. போர்டு ஒரு பக்கமாகச் சரிந்து, வெள்ளைக்காரி முகம் குப்புறச் சாக்கடை ஓரம் விழுந்தாள். சோமராஜன் இறங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வெள்ளைக்காரியை அவருக்கு எட்டு மாசமாகத் தெரியும். தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்ற சுதர்மா, பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் பதிலே இல்லாமல் போய்ப் போய் வெறுத்து, இனி யார் வாசலிலும் நிற்கமாட்டேன் என்று சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கினாள். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜிஜி வர்கீஸ் அதை அமைத்துக் கொடுத்தான். ஏற்கெனவே தைத்து வைத்த சட்டைபோல ஒரு மாதிரிப் பக்கம், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவள்தான் இந்தக் காப்பிக் கோப்பைக்காரி. டீச்சர் உங்க படத்தை நீங்களே மாத்திக்கலாம், ரொம்ப ஈஸி என்று சொல்லிவிட்டுப் போனான். தபாலாபீஸ்காரியை டீச்சர் என்று கூப்பிடுகிற மரியாதை மட்டும் அவனிடம் குறைவில்லை.

என்ன ஈஸி? படத்தைப் போட்டால் 'படம் மிகப் பெரிது' என்று வரும். வெட்டிச் சுருக்கிப் போட்டால் 'படம் மிகச் சிறிது' என்று வரும். ஏதோ புதுப்பிப்பு என்று ஒருநாள் தானாகவே வந்து தலைப்பெல்லாம் வெறும் கட்டங்களாகிவிட்டன. இன்னொரு நாள் ஒரு கதையின் கடைசி மூன்று பத்தி காணாமல் போனது. அதையெல்லாம் சுதர்மா பழைய டைரியில் குறிப்பெடுத்து, முட்டி மோதித் தானே சரிசெய்தாள். இந்த ஒருத்தியைத்தான் அசைக்க முடியவில்லை. "நான் இங்க முதுகு ஒடிய எழுதறேன். இவ அங்க காப்பி குடிச்சுக்கிட்டே பேர் வாங்கறா பாருங்க" என்று ஆரம்பத்தில் சிரித்தாள். அப்புறம் ஒரு வாசகர், வெளிநாட்டில் பிறந்தும் எங்கள் ஊரை இவ்வளவு நன்றாக எழுதுகிறீர்களே என்று பாராட்டி எழுதினார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பதினான்கு தடவை ஜிஜிக்குப் புகார் எழுதினாள். பதினான்கு தடவையும் ஒரே பதில், 'விரைவில் தொடர்புகொள்வோம்'.

நேற்றுக் காலை சோமராஜன் மத்தி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் சாப்பாட்டு மேஜையில் தலை சாய்த்திருந்தாள். எதிரே லேப்டாப் ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அதே வரி: படம் மிகப் பெரிது. டாக்டர் இதயம் என்றார். இருக்கட்டும், டாக்டருக்கு என்ன தெரியும்?

வீட்டில் அவள் தலைமாட்டில் நிலவிளக்கு எரிந்தது. விடியற்காலையில் தோஹாவிலிருந்து வந்து சேர்ந்த மகள் ஷீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். தெற்குப் பக்கம் சிதைக்காக மாமரத்தைப் பிளந்து அடுக்குகிற சத்தம் கேட்டது.

ஒன்றரைக்கு ஜிஜி வந்தான். நாற்பது வயசு, வெள்ளைச் சட்டை, கையில் மலர்வளையம். மலர்வளையத்தின் குறுக்கே பட்டு ரிப்பன், ரிப்பனில் அவன் கம்பெனிப் பெயர், போன் நம்பரோடு.

சோமராஜன் அதை வாங்கி ரிப்பனை உருவினார். பூவை மட்டும் அவள் காலடியில் வைத்தார். ரிப்பனை அவன் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"உக்காரு."

"அங்கிள், நான் சும்மா பாத்துட்டு..."

"அவ உக்காந்த நாற்காலிதான், லேப்டாப்பும் அங்கதான் இருக்கு. உக்காரு. எடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் காப்பிக் கோப்பைக்காரி வெளிய போகணும். அவ இருக்கற வரைக்கும் இவளை இந்த வீட்டை விட்டு வெளிய எடுக்க விடமாட்டேன்."

"அச்சா, ஆளுங்கல்லாம் இருக்காங்க. இப்பவா இது?" என்றாள் ஷீபா.

"பின்ன எப்ப? பதினாறு முடிஞ்சா? எட்டு மாசம் பொறுத்தாச்சு மோளே."

ஜிஜி உட்கார்ந்தான். தளத்துக்குள் நுழைய சுதர்மாவின் போனுக்கு ஒரு எண் வந்தது, ஷீபா வாசித்துச் சொன்னாள். ஜிஜி எதையோ தட்டினான், இன்னும் எதையோ தட்டினான். வெள்ளைக்காரி மறைந்து அந்த இடம் வெறும் வட்டமாயிற்று. சோமராஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எப்படிப் போச்சு?"

"அது... அந்தப் பகுதி லாக்ல இருந்துது அங்கிள். எங்க பக்கத்துலேருந்துதான் திறக்கணும்."

"அப்ப பெரிசு, சிறிசுன்னு வந்ததெல்லாம்?"

ஜிஜி தலையைக் குனிந்துகொண்டான். "அது சும்மா வர்றது. லாக்ல இருந்தா அப்படித்தான் ஏதாவது காட்டும்."

"சும்மா வர்றதா!" சோமராஜனின் குரலில் ஹாலே அடங்கியது. "முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வே சிக்னல் பாத்தவன்டா நான். போகமுடியாத பாதைக்குச் சிவப்பு விழும். சும்மா எதுவும் விழாது. பதினாலு தடவை எழுதினாளே, ஒரு தடவை, பூட்டு எங்கிட்ட இருக்கு டீச்சர்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா? பூ வாங்கிட்டு வர மட்டும் நேரம் இருந்துதா?"

"தப்புதான் அங்கிள்."

அந்தத் தப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், டீச்சர் படம் ஒண்ணு வேணும்" என்றான் ஜிஜி மெதுவாக.

ஷீபா அம்மாவின் போனில் தேடினாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினாள்.

எல்லாம் சுதர்மா தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படங்கள். நாற்பத்தொன்று. அவர் வெளியே போன நேரமாகப் பார்த்து எடுத்திருக்க வேண்டும், அவருக்கு ஒன்றுகூடத் தெரியாது. எல்லாவற்றிலும் அதே சமையலறைச் சுவர். ஓணத்துக்குச் சரிகைக் கரை வெள்ளைச் செட்டுமுண்டு கட்டி, சந்தனம் இட்டு, வெட்கத்தோடு சிரிக்கிற படம் முதலில் இருந்தது. அப்புறம் நீலப் புடவை, அப்புறம் பச்சை. போகப்போகச் சிரிப்பு சின்னதாகி, உதடு மூடிக்கொண்டது. கடைசிப் படம் நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு எடுத்தது. நைட்டி, தோளில் துண்டு, வாராத தலை. புருவத்தை நெரித்து, நேராகக் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓணத்துப் படம் நல்லா இருக்கு அச்சா. அதைப் போடலாம்" என்றாள் ஷீபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சோமராஜன் கடைசிப் படத்தைப் பெரிதாக்கி ஜிஜியின் முன் வைத்தார்.

"இதைப் போடு."

"நைட்டியோடயா அங்கிள்? நான் கொஞ்சம் வெட்டி, முகத்தைப் பளிச்சுன்னு..."

"ஒண்ணையும் தொடாதே. அப்படியே போடு."

போட்டான். சுதர்மா என்ற பெயருக்கு மேலே, அறுபத்திரண்டு கதைகளுக்கு மேலே, சுதர்மா முறைத்தாள். ஜிஜி எழுந்து, சுவரோரமாக நடந்து வெளியே போனான்.

சமையலறை வாசலில் அனிருத்தன் தலை தெரிந்தது. "சோமண்ணா, எல்லாம் ரெடி. எடுக்கலாமான்னு கேக்கறாங்க."

"ரெண்டு மணின்னுதானே சொன்னோம்? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். லேப்டாப் திரை மங்கத் தொடங்கும்போதெல்லாம் விரலால் மெல்ல ஒரு தட்டு தட்டினார்.